உலையை அணைத்தவள்

இன்னும் எமில் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பார், அவர் எழுந்து மைக்கின் முன்னால் நின்று தொண்டையைச் செருமப்போகிற அந்தக் கணத்துக்காகத்தான், இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்தில், குளிர்ந்த மடக்கு நாற்காலியில், மடிமேல் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்தவனைப் போல நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதுக்கு இந்தப் படபடப்பு ஆகாதுதான். ஆனாலும் ஒரு கதை பிறக்கிற அறைக்குள் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு, நாட்டார் கதை சேகரிக்கிற என் தொழிலில் யாருக்குக் கிடைத்திருக்கிறது? நாங்கள் எப்போதும் பிந்தி வருகிறவர்கள். பாட்டு முடிந்து, பாடியவர் போய், பாடியவரின் மகன் மறந்து, அதற்கும் பின்னால் வந்தவர்கள் தப்பும் தவறுமாகச் சொல்லுகிற மிச்சத்தைப் பொறுக்குகிறவர்கள். நாஞ்சில் நாட்டில் ஒரு குளம் உடைந்த கதையைக் கரை கரையாகக் கேட்டு அலைந்தேனே, நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வெள்ளத்தில் நனைந்தவர் ஒருவர்கூட மிஞ்சியிருக்கவில்லை. இங்கேயோ உலை அணைந்து மூன்று ஆண்டுதான் ஆகிறது. அணைந்த உலையின் முன்னால் நின்றவர்கள் இதோ என்னைச் சுற்றிக் காகிதக் கோப்பைகளில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒஹாயோ ஆற்றங்கரையில் இந்த மார்லோ ஃபெரி என்கிற சின்ன ஊர், மகள் வேலைக்கு வந்த இடம் என்பதைத் தவிர எனக்கு ஒன்றுமாக இல்லாதிருந்த ஊர், இந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் வாழ்நாள் முழுவதும் தேடிய இடமாக மாறிக்கொண்டிருக்கிறது. கூட்டத்தைப் பார்க்கிறேன், கண் நிறையவில்லை. சுவரோரமாக வேலை போன உருக்காலைக்காரர்கள், யூனியன் பெயர் தைத்த மேற்சட்டையை இன்னும் கழற்ற மனம் வராதவர்கள். நடுவில் தேவாலயத்துக் குடும்பங்கள், காலை ஆராதனைக்கு உடுத்த நல்ல உடுப்போடு. முன்வரிசையில் டை கட்டிய வியாபாரிகள். நான்கு ஆண்டுக்கு முந்திய தேர்தலில் இந்த மூன்று கூட்டமும் ஒரு கூரைக்கடியில் உட்கார்ந்திருக்காது என்று எமில் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர், யூனியன் பிரதிநிதியாக இருந்தவர், உலைக்கு முன்னால் நின்று புருவம் பொசுங்கியவர். அவருடைய ஆங்கிலம் என் காதுக்குள் ஆங்கிலமாக விழுந்தாலும் மனத்துக்குள் எங்கள் நாகர்கோவில் பேச்சாகத்தான் எழுகிறது, அந்த மனிதரின் குரலில் அப்படி ஒரு சரளம். "எங்கப்பன் சாவுகது வரைக்கும் அந்தக் கட்சித் தலைவன் படத்தச் செவுத்துல இருந்து எறக்க விடல்ல, கேட்டீரா வேய்? இந்தத் தடவ நான் மாத்திப் போடப் போறேன். மனுசன் உசிரோட இருந்தா செருப்பக் கழத்தியிருப்பாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அடுப்புக் கரியில் இறைச்சியைப் புரட்டிக்கொண்டே. சிரிப்புக்குக் கீழே குரல் கொஞ்சம் கிழிந்திருந்தது. எத்தனை வீடுகளில் எத்தனை சுவர்களிலிருந்து எத்தனை படங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன! பெட்ரோலுக்கு வரிசை, வீட்டுக்கடனுக்கு ஏறிக்கொண்டே போகிற வட்டி, எங்கோ ஒரு தூதரகத்தில் கட்டப்பட்ட கண்களோடு பிடித்து வைக்கப்பட்டிருக்கும் இந்நாட்டு மனிதர்கள், பூட்டிய ஆலை, பூட்டிய ஆலைக்கு எதிரே பூட்டிய கடை. இவையெல்லாம் தனித்தனியே செய்தி. ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல ஒரு கதை வேண்டும். அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எமில் சொல்லப் போகிறார்.

எப்படிச் சேர்ந்தது இது, எப்படிச் சேர்ந்தது! இரண்டு ஆண்டாக இந்த ஊரில் முடிவெட்டும் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் தேவாலயச் சமையலறையிலும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், உலை ஏன் அணைந்தது என்று. உருக்காலைக்காரர்கள் கூடுகிற ஸ்லோவாக்கியர் கிளப்பில் அது முதலாளி கதை: தூரத்து நகரத்திலிருந்து ஒரு கம்பெனி ஆலையை வாங்கியது, லாபத்தை வழித்தெடுத்தது, உலைக்குள் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை, கடைசியில் கம்பெனித் தலைவர் ஒரு சிறு விமானத்தில் வந்து, இறங்காமலே, சன்னல் வழியாக ஆலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார், மறுநாள் பூட்டு. பெட்ரோல் பங்கில் அது ஜப்பான் கதை: அங்கிருந்து மலிவு உருக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. தேவாலயத்தில் வேறொன்று: பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் ஜெபத்தை நிறுத்தினார்கள், ஜெபம் நின்ற வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? முன்வரிசை வியாபாரிகளிடம் அது சர்க்கார் கதை: வரி, விதி, விதிக்கு மேல் விதி, புகையை அளக்க ஓர் ஆள், தண்ணீரை அளக்க ஓர் ஆள். நான்கும் தனித்தனி வாய்க்கால்கள். ஒரு வாய்க்காலின் ஆள் மற்றதில் கால் நனைக்க மாட்டார். பிறகு போன குளிர்காலத்தில், முடிவெட்டும் கடையில், கண்ணாடியில் எதிரொளித்த முகம் தெரியாத ஒருவர் முதன்முதலாக அதைச் சொன்னார்: ஒரு சர்க்கார் ஆள் வந்து அணைக்கச் சொன்னார். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்துப் பெட்ரோல் பங்கில் அந்த ஆள் பெண்ணாகிவிட்டார். பிறகு அயல்நாட்டுப் பெண். பிறகு அவளுக்குக் கறுப்பு நீள்கோட்டு, வெள்ளைக் கையுறை. தேவாலயச் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்த அம்மாள், அவள் ஜெபம் செய்யாதவள் என்று சேர்த்தார். ஒவ்வொரு சேர்க்கையின்போதும் நான் இன்னொன்றைக் கவனித்தேன், கவனித்து இரவெல்லாம் தூங்காமல் புரண்டேன்: விமானத்தில் வந்த முதலாளி தேய்ந்துகொண்டே வந்தார். முதலில் அவர் வாயில் சுருட்டு இருந்தது. பிறகு சன்னலில் முகம் மட்டும். பிறகு விமானத்தின் சத்தம் மட்டும். இந்தக் கோடைக்குப் பிறகு அந்தச் சத்தமும் இல்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு பாத்திரம் கதையை விட்டு வெளியேறுவதையும் இன்னொரு பாத்திரம் அதே நாற்காலியில் வந்து உட்காருவதையும் பார்ப்பது, ஐயோ, என்ன சொல்ல, கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பது போல! காரணங்களுக்கு முகம் கிடையாது. ஒரு முகத்தைக் கண்டுபிடித்த உடனே நான்கு வாய்க்காலும் உடைத்துக்கொண்டு அதை நோக்கிப் பாய்கின்றன. வியாபாரிக்கு விதி, போதகருக்கு அவிசுவாசம், வேலை போனவனுக்கு ஒரு கை, உலையை மூடிய கை. இது என் கண்டுபிடிப்பு. யாரும் இதற்கு முன் இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அது சரி, அந்தப் பெண் யார், என்று ஒரு சின்னக் குரல் உள்ளே கேட்கிறது, அதைக் கொஞ்சம் பொறு என்று அடக்குகிறேன், கொஞ்சம் பொறு, எமில் சொல்லட்டும்.

மேடையில் ராய் ஸ்டிம்சன் பேசுகிறார். பக்கத்து ஊரில் கார் விற்பவர், மாநிலச் சட்டசபைக்கு நிற்பவர். இவர் ஆங்கிலம் எனக்கு மேடைத் தமிழாகவே கேட்கிறது, இழுத்து, நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டு. "பெரியோர்களே! இந்த மண்ணில் உழைத்தவன் வெட்கப்பட வேண்டிய காலம் வந்தது எப்படி? உங்கள் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் சம்பளத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று தலைநகரில் இருப்பவர்தான் சொல்ல வேண்டுமா?" கைதட்டல். எனக்கும் கை தன்னால் எழுகிறது, ஏனென்றால் அந்தக் கேள்வி நியாயமானது, ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவரின் கண்ணில் நீர் கட்டியிருக்கிறது, மூன்று ஆண்டாக யாரும் அவரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. தொழிலாளர் பக்கம் நின்ற கட்சிக்காரர்கள் வந்தார்கள், மறுபயிற்சி என்றார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் பழகச் சொன்ன துண்டறிக்கையை எமில் மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். ஸ்டிம்சன் துண்டறிக்கை தரவில்லை, பகை தந்தார், பகையோடு சேர்த்து மரியாதையும் தந்தார். அந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தந்தால் பசித்தவன் பிரித்துப் பார்த்தா உண்பான்? "வருகிற சனிக்கிழமை," என்கிறார் ஸ்டிம்சன், குரலைத் தாழ்த்தி, "தேர்தலுக்கு முந்திய சனிக்கிழமை, நம் வண்டிகள் எல்லாம் விளக்கை எரியவிட்டு வரிசையாகப் போகும். எங்கே? உலையை அணைத்தவளின் வீட்டு வாசலுக்கு! விலாசம் கண்டுபிடிப்பது பெரிய காரியமல்ல, நம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். யாரையும் தொட மாட்டோம். பார்ப்போம், அவ்வளவுதான். அந்த அம்மையார் ஒரு முறை வெளியே வந்து நம் முகங்களைப் பார்க்கட்டும். முதலில் நடந்ததை நடந்தபடி ஒருவர் சொல்வார், பிறகு முடிவெடுப்போம்." கைதட்டல் கூரையில் மோதித் திரும்புகிறது. என் கை மட்டும் டேப் ரெக்கார்டரின் மேல் அப்படியே இருக்கிறது. பார்ப்போம், அவ்வளவுதான். பள்ளிக் குழுவில் இருந்த ஓர் அம்மாளின் வீட்டுக்கும் போன மாதம் பார்க்கத்தான் போனார்கள். மறுநாள் காலையில் அவர் முன்னறைச் சன்னலுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார், கண்ணாடித் துண்டுகளை அவருடைய பெண் குழந்தை வாளியில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

என் மகள் பகவதி ஐந்து மணிக்கு வருவாள். என்னை இங்கே இறக்கிவிட்டு, கடைக்குப் போய்விட்டு, அழைத்துப் போக வருவாள். மாநிலத்தின் நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை. இந்த மாவட்டத்தில் அப்படி வேலை பார்க்கிற அயல்நாட்டுப் பெண்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? இதை நான் அறியாதவனா? அறிவேன். போன மாசியில் வெள்ளைக் கையுறை கதைக்குள் வந்த அன்றைக்கே அவளிடம் சொன்னேன், ஒரு புதையலைக் காட்டுவது போலச் சொன்னேன், அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே சிரித்தாள். "வெள்ளைக் கையுறையாப்பா? எனக்கு ரப்பர் பூட்சு வாங்கித் தரதுக்கே ஆபீசுல ஒரு வருசம் இழுத்தாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" "நான் எதுக்கும்மா சொல்லணும்? கேக்குறதுதான் என் வேலை." "உம் கொட்டினீங்களா?" "கொட்டாம எப்படிம்மா கதை கேக்குறது?" அவள் அடுத்த தோசையை ஊற்றினாள், அது தீய்ந்தது. உம் கொட்டாவிட்டால் கதை சொல்கிறவருக்கு மூச்சு முட்டும், அது எங்கள் ஊர்ப் பழக்கம். சொல்லுகிறவரை ஒருபோதும் திருத்தாதே, ஒருபோதும் மறுக்காதே, அது என் தொழிலின் ஒழுக்கம். பழக்கமும் ஒழுக்கமும் சேர்ந்து நாற்பது ஆண்டாக என் தலையை ஆட்டிக்கொண்டிருக்கின்றன. பயம் வரவில்லையா என்றால் வந்தது, வந்த பயத்தை எமிலிடமே கொண்டுபோய்க் கொட்டினேன். வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். "எமில், இந்தக் கதையில் வருகிற பெண் என் மகளா?" அவர் உண்மையிலேயே திடுக்கிட்டார், நடிப்பில்லை, கையிலிருந்த தண்ணீர்க் குழாயை அப்படியே தரையில் போட்டார். "சீச்சீ! என்ன வேய் இது, உம்ம மவ நம்ம புள்ளையில்லா? எம் பெஞ்சாதி டோரதிக்கு மூச்சு முட்டல் வந்தன்னைக்கு ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது யாரு? இது வேற பொம்பள வேய். இது வேற." அந்த 'வேற'வை நான் பற்றிக்கொண்டேன். எவ்வளவு நேர்த்தியான சான்று, கதைப் பாத்திரம் அதன் மூலத்தை விட்டு முற்றாகப் பிரிந்துவிட்டதற்கு! அப்படித்தான் நினைத்தேன். நினைத்து மகிழ்ந்தேன். குளம் உடைந்த கதையிலும் கடைசியில் ஒரு வழிப்போக்கி வந்தாள், மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண், பிரசவம் பார்க்க வந்தவள். கிழக்கரைக்காரனும் மேற்கரைக்காரனும் ஒருவரையொருவர் குறை சொல்லிக் களைத்தபின் இரண்டு பேரும் சேர்ந்து, மடையைத் திறந்தவள் அவள்தான் என்று பழியை அவள்மேல் போட்டார்கள். அந்தச் சேர்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன், பாராட்டினார்கள். அப்படி ஒருத்தி இருந்தாளா, இருந்தால் அந்த ஊரை விட்டு எப்படிப் போனாள், நடந்து போனாளா ஓடிப் போனாளா என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை. அவள் இருமியிருப்பாள், அவளுக்குக் கால் வலித்திருக்கும். அவளுக்கும் ஒரு தகப்பன் எங்கோ உட்கார்ந்திருப்பான்.

எமில் எழுந்துவிட்டார். எழுந்து, தொப்பியைக் கழற்றி டோரதியிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு நடக்கிறார், சுவரோரத்திலிருந்து "விடாதே எமில்!" என்று ஒரு சத்தம், ஒரு சீழ்க்கை. நெஞ்சு என்னைக் கேட்காமல் துள்ளுகிறது. விரல் என்னைக் கேட்காமல் பதிவுப் பொத்தானை அழுத்துகிறது. "எனக்குப் பேசத் தெரியாது," என்று தொடங்குகிறார், நல்ல கதைசொல்லிகள் எல்லோரும் தொடங்குகிறபடி. "அன்னைக்குக் காலைல பனி கொட்டிட்டு இருந்து. நாங்க எல்லாரும் உலைக்கு முன்னால நிக்கோம். அப்பம் அவ வந்தா." எவ்வளவு அழகாக நிறுத்துகிறார்! "கறுப்புக் கோட்டு. வெள்ளைக் கையுறை. ஒருத்தர் முகத்தையும் பாக்கல்ல. உலையப் பாத்தா, கடிகாரத்தப் பாத்தா. எங்க ஃபோர்மன் கெஞ்சுகான், அம்மா, உள்ள உருக்கு கெடக்கு, அது வெந்து முடியட்டும்னு. அவ ஒரு சிரிப்புச் சிரிச்சா." சிரிப்பு! சிரிப்பு புதியது, எந்த வாயிலும் இதுவரை இல்லாதது, இதோ என் கண்முன் இந்த நொடியில் பிறந்தது. முதுகுத்தண்டில் ஒரு சிலிர்ப்பு ஏறி இறங்குகிறது, அது ஆனந்தமா குளிரா தெரியவில்லை. "சிரிச்சிட்டு, அவளே நடந்து போயி, அந்தக் கையுறை போட்ட கையால வால்வத் திருகினா. நாப்பது வருசம் அணையாத தீ. எங்கப்பன் பத்தவச்ச தீ. பூனைக்குட்டி செத்த மாதிரி ஒரு சத்தம் வந்து, அணைஞ்சிட்டு." டோரதி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சுவரோரத்தில் ஒருவர் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். "பொய்யின்னு யாராவது நெனச்சா," எமில் தலையைத் திருப்பி என்னைத் தேடுகிறார், கண்டுபிடிக்கிறார், முகம் மலர்கிறது, "இந்தா இருக்காரு எங்க பக்கத்து வீட்டு புரொபசர். படிச்ச மனுசன். ரெண்டு வருசமா இந்த ஊர்ல ஒரு வாய் பாக்கி இல்லாம கேட்டுப் பிடிச்சி வச்சிருக்காரு. ஒருக்கவாச்சும் இல்லைன்னு சொல்லியிருக்காரான்னு கேளுங்க. ஒவ்வொருத்தரு சொல்லும்போதும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டினவரு. சொல்லும் வேய், நான் சொன்னது சரிதானா?"

எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. என் கழுத்து, நாற்பது ஆண்டாகப் பழகிய கழுத்து, ஆட ஆயத்தமாகிறது. அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு மாட்டைக் கொம்பில் பிடித்து நிறுத்துவது போல இருக்கிறது. ஆக, நான் கேட்பவனாக இருந்ததே இல்லை. நான் சாட்சி. ஒவ்வொரு தலையாட்டலும் ஒரு கையெழுத்து. பனி, என்கிறார், உலை அணைந்தது இலை உதிரும் காலம், பனி கொட்டியது அடுத்த வசந்தத்தின் தொடக்கத்தில், பகவதி இந்த ஊருக்குக் குடிவந்த அன்றைக்கு, அவளுடைய குளிர்சாதனப் பெட்டியை வண்டியிலிருந்து பனியில் இறக்கிய கைகளில் எமிலின் கையும் ஒன்று என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். பிணத்தைப் பார்க்க வந்தவளைக் காலத்தில் முன்னுக்கு இழுத்து, கொன்றவளாக ஆக்கிவிட்டது கதை. பனியும் கூடவே இழுபட்டு வந்திருக்கிறது! பாருங்கள், இந்த வேளையிலும் என்னால் அதை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. இன்னும் ஒன்று இருக்கிறது, எந்த டேப்பிலும் இல்லாதது. நான் இங்கே வந்த முதல் கோடை, இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு அலைவதற்கு முன்னால், அவருடைய கார் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு எமில் சொன்னது. அதில் பெண் இல்லை. பனி இல்லை. தொலைபேசி மணி அடித்தது, ஃபோர்மன் எடுத்தார், கேட்டார், வைத்தார், "மூடுங்கப்பா" என்றார். ஆலைக்குள் வரிசையாகப் பல உலைகள், ஒவ்வோர் உலைக்கும் ஓர் ஆள். எமில் தன் உலையின் வால்வைத் தானே திருகினார். "யாரும் என் கையப் பிடிச்சுத் திருக வைக்கல்ல வேய். ஒரு நிமிசம் நின்னிருக்கலாம். ஒரு கெட்ட வார்த்தையாச்சும் சொல்லியிருக்கலாம். சொன்ன உடனே திருகிட்டேன், நல்ல புள்ள மாதிரி. வீட்டுக்குப் போயி சாப்பிடவும் செய்தேன்." இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை, அதன்பிறகு அதை ஒருபோதும் சொன்னதில்லை. இப்போது தெரிகிறது, வியாபாரியும் போதகரும் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்திருக்கலாம், ஆனால் அவளுக்குக் கையுறையை மாட்டியது யார் என்று தெரிகிறது. அந்தக் கையை மறைக்கத்தான் அவ்வளவு வெள்ளையாக ஒரு கையுறை வேண்டியிருந்தது. இதை இந்தக் கூடத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பகவதி பிழைப்பாள். எமில்? மனிதர் அங்கே நின்று சிரித்த முகத்தோடு எனக்காகக் காத்திருக்கிறார், நம்பிக்கையோடு, ஒரு நண்பர் நண்பரிடம் காத்திருப்பது போல. என் மகளையா அவரையா என்று கேட்டால் தகப்பனுக்குப் பதில் தெரியும். ஆனால் கொட்டகையில் எண்ணெய்க் கையோடு சொன்னதை எடுத்து நானூறு பேருக்கு முன்னால் விரிப்பது, அது வண்டி விளக்கை எரியவிட்டுக்கொண்டு இன்னொருவர் வீட்டு வாசலுக்குப் போவதிலிருந்து எந்த வகையில் வேறு?

எழுந்துவிட்டேன். மடியிலிருந்த கருவி சரிந்து விழுந்து, மூடி திறந்து, டேப் சுருள் தரையில் ஓடுகிறது, ஓடட்டும். "இல்லை எமில்," என்கிறேன். சொல்லிவிட்டேன்! "நீங்கள் சொன்னது சரியில்லை. மற்றவர்கள் சொன்னதும் சரியில்லை. நான் தலையை ஆட்டியது, மேலே சொல்லுங்கள் என்பதற்காக. எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம். அந்தப் பெண் இந்த ஊருக்கு வந்தது உலை அணைந்த பிறகு, பனி பெய்த அன்று. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வந்தாள். அவள் வந்த அன்று பெட்டி இறக்கிக் கொடுத்தவர்கள் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். அவள் என் மகள்." முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "மகளுக்காகப் பேசாமல் வேறென்ன பேசுவார், உட்காருங்கள் ஐயா," என்கிறார். சுவரோரத்திலிருந்து ஓர் இடிக்குரல், கோபம் இல்லை, உண்மையாகவே அறிய விரும்புகிற குரல்: "அப்பம் யாருய்யா அணைச்சது? வானத்துல இருந்தா ஒரு கை வந்து?" இப்போது கதை சொல்ல வேண்டியது நான். எனக்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாதவர்கள் எல்லோரும் தொடங்குகிறபடி நானும் வாயைத் திறக்கிறேன். "விமானத்தில் ஒருவர் வந்தார். அவரை இங்கே எல்லோரும் முதலில் சொன்னீர்கள், பிறகு விட்டுவிட்டீர்கள். அவர் இறங்கவில்லை. தொலைபேசியில் சொன்னார். வால்வைத் திருகியவை இந்த ஊர்க் கைகள்தான். வேலைக்காரர்களின் கைகள். சொல்லப்பட்டது, செய்தார்கள். ஒவ்வோர் உலைக்கும் ஒரு கை." எமிலின் முகத்திலிருந்து சிரிப்பு, தண்ணீர் வற்றுவது போல, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வற்றுகிறது. "யாருடைய கை?" என்கிறார் ஸ்டிம்சன் மைக்கைப் பிடுங்கி. "பெயர் சொல்லுங்கள் புரொபசர்!" எமில் என்னைப் பார்க்கிறார். நான் எமிலைப் பார்க்கிறேன். "சொல்ல மாட்டேன்," என்கிறேன். "என்னிடம் நம்பிச் சொன்னது."

சுவரோரம் முழுக்க ஒரு சின்ன அசைவு, காற்றில் பயிர் சாய்வது போல. நாற்காலி முதுகைப் பிடித்திருந்தவர் கையை எடுத்துவிட்டார், இன்னொருவர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளங்கையைத் தொடையில் துடைக்கிறார், ஒருவர் கையைக் கோட்டுப் பைக்குள் விடுகிறார். எத்தனை பேர்! எமில் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன், முட்டாள், ஒவ்வோர் உலைக்கும் ஓர் ஆள் என்று நானே சொல்லிவிட்டு. வெளியே சரளைக்கல்லில் ஒரு கார் வந்து நிற்கிறது, சத்தத்தை வைத்து எங்கள் வண்டி என்று தெரிகிறது. எமில் மேடையை விட்டு இறங்கி வருகிறார், வழியில் என் டேப் சுருளை மிதிக்காமல் தாண்டி, என் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்காருகிறார். மூச்சு வாங்குகிறது, காப்பி வாடை. என்னைப் பார்க்காமல், பல்லுக்குள்ளேயே சொல்கிறார்: "ஓட்டு இந்த மனுசன் பக்கந்தான் வேய், அதுல ஒரு மாத்தமும் கெடையாது. செவ்வாக்கெழம நான் மாத்தித்தான் போடுவேன்." நான் தலையை ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. "சரி எமில்," என்கிறேன். மேடையில் ஸ்டிம்சன் சிரித்துச் சமாளிக்கிறார், கெட்டிக்காரர், நேரம் ஆகிறது நண்பர்களே என்கிறார், சனிக்கிழமைப் பயணத்துக்குச் சம்மதம் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள் என்கிறார். முன்வரிசையில் டை கட்டிய கைகள் உடனே எழுகின்றன. நடுவில் சில எழுகின்றன, சில பாதியில் நின்று பக்கத்தைப் பார்க்கின்றன. ஸ்டிம்சன் கண்ணுக்குமேல் உள்ளங்கையைக் குவித்துச் சுவரோரத்தைப் பார்க்கிறார், மைக்கைத் தட்டுகிறார், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை, உரக்க, கையை உயர்த்தச் சொல்கிறார். எமில் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகி, அவற்றின்மேல் முழு எடையோடு உட்கார்ந்திருக்கிறார்.